வெளியாள் ஒரு சமூகத்தை எப்படிப் புரிஞ்சுக்கிறாரு? நீலகிரிய வச்சு ஒரு எளிய விளக்கம்

வருஷா வருஷம் கீழ இருந்து காலேஜ் பசங்க பஸ் பிடிச்சு ஊட்டிக்கு வர்றாங்க. சமூகவியல், சோஷியல் ஒர்க், மானிடவியல்னு படிக்கிறவங்க. கையில ஒரு கட்டு கேள்வித்தாள், ரெண்டு நாள் டைம், ஊருக்குத் திரும்புறதுக்குள்ள தோடர் வாழ்க்கை முறைன்னு ஒரு ப்ராஜெக்ட் ரெடியாகணும். பாவம், நல்ல பசங்க, ஆர்வமாத்தான் வர்றாங்க, ஆனா எதக் கேக்கணும் எப்படிக் கேக்கணும்னு யாரும் சொல்லிக் கொடுத்து அனுப்புறதில்ல. அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன், வேலைக்கோ படிப்புக்கோ ஜெர்மனி, ஜப்பான்னு புது நாட்டுக்குப் போறவங்களுக்கும் இதுல பாதி உதவும்.

முதல்ல விஷயம் என்னன்னு சொல்லிடறேன். வெளிய இருந்து வர்ற ஒருத்தர் தனக்குப் பழக்கமே இல்லாத ஒரு சமூகத்துக்குள்ள போய்த் தங்கி, பாத்து, கேட்டு, கூட இருந்து, அவங்க வாழ்க்கை அவங்களுக்கு எப்படித் தெரியுதுன்னு புரிஞ்சு எழுதுறதுக்கு இனவரைவியல்னு பேரு. அங்க போய்த் தங்கி செய்ற வேலைக்கு களப்பணி. இதுக்கு மேல டெஃபனிஷன் எல்லாம் இப்ப வேணாம், பரீட்சைக்கு முன்னாடி புக்குல பாத்துக்கலாம். புது மருமக ஒரு வீட்டுக்கு வந்தா முதல் சில மாசம் என்ன பண்ணுவாளோ அதத்தான் இவங்களும் பண்றாங்க. உப்பு டப்பா எங்க இருக்குங்கறதுல ஆரம்பிச்சு, எந்தச் சித்தப்பா பேர இந்த வீட்ல எடுக்கக் கூடாதுங்கற வரைக்கும், யாரும் உக்கார வச்சு பாடம் எடுக்காமலே கத்துக்கணும்.

நீலகிரி இதுக்கு ரொம்ப நல்ல உதாரணம். இந்தியாவுல இவ்ளோ சின்ன இடத்துக்குள்ள இவ்ளோ வெளியாட்கள் நோட்புக்கோட வந்து உக்காந்தது அபூர்வம். தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர்னு பக்கத்துப் பக்கத்துல இருக்குற சமூகங்களப் பத்தி எழுதுன பக்கங்கள அடுக்கினா ஒரு ரூம் நிறையும். நான் ஊட்டிதான், ஆனா இதுல எந்தச் சமூகமும் இல்ல, எங்க தாத்தா காலத்துல கீழ்நாட்டுல இருந்து மேல வந்த குடும்பம். இத்தன வருஷம் இங்க இருந்தும் ஒரு தோடர் மந்துக்குள்ள, அதாவது அவங்க குடியிருப்புக்குள்ள போனா நான் வெளியாள்தான்.

மொதல்ல வந்தவங்க எப்படி வந்தாங்கன்னு பாருங்க. 1603ல ஜேகோம் ஃபினிசியோன்னு ஒரு ஏசு சபைப் பாதிரியார் மலபார் பக்கத்துல இருந்து மலை ஏறி வந்தாரு. எதுக்கு? மேல எங்கயோ பழைய கிறிஸ்தவங்க வழி தவறி வாழ்றாங்கன்னு கீழ ஒரு பேச்சு இருந்துச்சு, அவங்களக் கண்டுபிடிக்க. வந்து பாத்தா எருமை மேய்க்கிற தோடர்கள், எருமைப் பால் வேலையையே வழிபாடா செய்ற அவங்களோட கோயில் பூசாரி. கிறிஸ்தவங்க யாரும் இல்ல. அவர் எழுதுன கடிதம் இன்னைக்கும் நமக்கு முக்கியம், தோடர்களப் பத்தி ஐரோப்பியர் எழுதுன முதல் குறிப்பு அதுதான், ஆனா அவர் தேடி வந்தது இந்த மனுஷங்கள இல்ல, தன் மனசுல ஏற்கனவே இருந்த ஒரு பதில.

அதுக்கப்புறம் 1819ல கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மேல வந்து, பின்னாடியே வெள்ளக்காரங்க குடியேற, தோடர்களப் பாத்த ஒவ்வொருத்தரும் ஒரு கதை விட ஆரம்பிச்சாங்க. உயரமா இருக்காங்க, தாடி இருக்கு, மூக்கு எடுப்பா இருக்கு, போர்வைய தோள்ல போட்ட விதம் ரோமானியர் மாதிரி இருக்கு, அப்ப இவங்க ரோமோட வாரிசு, இல்ல இல்ல காணாமப் போன இஸ்ரேல் கோத்திரம், அதுவும் இல்ல சுமேரியாவுல இருந்து வந்தவங்கன்னு இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் இது ஓடுச்சு. இவ்ளோவுக்கும் 1837லயே பெர்ன்ஹார்ட் ஷ்மிட்னு ஒரு மிஷனரி, தோடர் பேசுறது தமிழோட உறவுள்ள மொழின்னு எழுதி வச்சுட்டாரு. ஷ்மிட் காத வச்சு வேலை செஞ்சாரு, மத்தவங்க கண்ண மட்டும் நம்புனாங்க. கண்ணு தனக்குத் தெரிஞ்சத மட்டும்தான் தேடும், அதனாலதான் ரோமப் பத்திப் படிச்சுட்டு வந்தவங்களுக்கு ரோம் தெரிஞ்சுச்சு.

இன்னொரு கூட்டம் அளந்து பாத்துச்சு. மெட்ராஸ் மியூசியத்த பாத்துக்கிட்ட எட்கர் தர்ஸ்டன் மண்டை அகலம், மூக்கு நீளம்னு கருவி வச்சு ஒவ்வொரு சாதியா அளந்தாரு. 1909ல ஏழு வால்யூம் வந்துச்சு. அதுல தகவல் நிறைய இருக்கு, மறுக்கல, ஆனா மூக்கு அளவுல இருந்து ஒரு ஆள் தன் அண்ணன் பொண்டாட்டிய எப்படிக் கூப்பிடுவாருன்னு தெரியாது. இத இங்க விட்டுட்டு முக்கியமான ஆளுக்கு வர்றேன்.

அவர் டபிள்யூ. ஹெச். ஆர். ரிவர்ஸ். கேம்பிரிட்ஜ்காரர், படிப்பால டாக்டர், மனோதத்துவ ஆராய்ச்சி பண்ணவர். 1898ல ஆஸ்திரேலியாவுக்கு வடக்க இருக்குற டோரஸ் ஜலசந்தித் தீவுகளுக்கு ஒரு குழுவோட போனப்ப ஒரு வழிய கண்டுபிடிச்சாரு, அதையே 1901-02 வாக்குல இங்க வந்து தோடர்கள்கிட்ட முழுசா பயன்படுத்துனாரு, 1906ல பெரிய புத்தகமா வந்துச்சு. அந்த வழி ரொம்ப எளிமை. உங்க கல்யாண விதி என்ன, உங்க சொத்து முறை என்னன்னு பொதுவா கேக்காத. உங்க அப்பா பேரு என்ன, அம்மா பேரு என்ன, அம்மா எந்த மந்துல இருந்து வந்தாங்க, உங்களுக்கு எத்தன பேரு கூடப்பொறந்தவங்க, யாரு யாரக் கட்டுனாங்க, அவங்களுக்கு யாரு பொறந்தாங்க, அந்த எருமைங்க இப்ப யார்கிட்ட இருக்கு, இப்படி பேரா பேரா கேட்டு வம்சாவளிய வரைஞ்சுக்கோ. வரைஞ்சு முடிச்சா விதி தானா அதுல தெரியும். யாரு யாரக் கட்டவே இல்லங்கறது பேப்பர்ல கண்ணுக்கு முன்னாடி நிக்கும்.

இது ஏன் வேலை செய்யுதுன்னு யோசிங்க. நம்மகிட்டயே யாராவது வந்து தமிழர் உறவுமுறையின் அடிப்படை என்னன்னு கேட்டா முழிப்போம். உங்க மாமா பொண்ணு யாரக் கட்டுச்சு, ஏன் உங்கண்ணனுக்குக் கேக்கலன்னு கேட்டா மூச்சு விடாம அரை மணி நேரம் பேசுவோம். விதி நமக்குத் தெரியும், ஆனா விதியா தெரியாது, ஆளா தெரியும், சம்பவமா தெரியும்.

தோடர்கள்கிட்ட இதுல ஒரு சிக்கல் வேற இருந்துச்சு. செத்துப் போன தன் முன்னோர் பேர அவங்க வாயால சொல்றது வழக்கத்துக்கு விரோதம். அதனால ஒரு குடும்பத்தோட வம்சாவளிய அந்தக் குடும்பத்துல கேக்க முடியாம, சம்பந்தம் இல்லாத வேற ஆளுங்ககிட்ட ரிவர்ஸ் கேட்டு வாங்குனாரு. புள்ளிவிவரமா மட்டும் பாக்குறவங்களுக்கு இது தொந்தரவு. ஆனா பேரச் சொல்ல மாட்டேங்குறாங்களே, அதுவே ஒரு பெரிய தகவல் இல்லையா? தோடர் வழிபாட்டுல கோயில், எருமை, மலை, ஓடைன்னு ஒவ்வொண்ணோட புனிதப் பேரையும் வரிசையா சொல்றது பெரிய பங்கு. எந்தப் பேர எப்ப சொல்லணும், எந்தப் பேர சொல்லவே கூடாதுங்கறதுல அவ்ளோ கவனமா இருக்குற ஒரு சமூகம் அது. ஃபார்ம்ல ஒரு கட்டம் காலியா இருந்தா அது ஏன் காலின்னு கேக்கத் தெரிஞ்சவரு நல்ல களப்பணியாளர்.

இப்ப ஒரு சடங்க மட்டும் கிட்டப் போய்ப் பாப்போம். டூரிஸ்டுங்க தோடர்களப் பாத்தா உடனே கேக்குறது ஒரு பொண்ணுக்கு எத்தன புருஷன்னு. தயவு செஞ்சு அதக் கேக்காதீங்க, அண்ணன் தம்பிங்க சேந்து ஒரே பொண்ணக் கட்டுற வழக்கம் மறைஞ்சு போச்சு, வீட்டு வாசல்ல நிக்கிற ஒரு அக்காகிட்ட முன்பின் தெரியாத ஆள் கேக்குற கேள்வியா அது. ஆனா அந்த வழக்கம் இருந்த காலத்துல ஐரோப்பியர் எல்லாரையும் குடைஞ்ச கேள்வி, அப்ப குழந்தைக்கு அப்பா யாருன்னு எப்படித் தெரியும்ங்கறது. அவங்க நினைச்சது, இவங்களுக்கு அது தெரியாது, குழப்பமான சமூகம்னு. தோடர்களுக்கோ ஒரு குழப்பமும் இல்ல. பொண்ணு முழுகாம இருந்து ஏழாம் மாசம் வாக்குல ஒரு சடங்கு. காட்டுல ஒரு மரத்தோட அடியில சின்னதா ஒரு பொந்து வெட்டி அதுல விளக்கு ஏத்தி வைக்கிறாங்க. ஒருத்தர் குச்சியும் புல்லும் வச்சு சின்ன வில்லு அம்பு பண்ணி அந்தப் பொண்ணு கையில கொடுக்குறாரு, அது முறையா அவரோட குலத்தச் சொல்லி வாங்கிக்கிட்டு விளக்கப் பாத்து உக்காந்திருக்கு. அவ்ளோதான், வில்லக் கொடுத்தவர்தான் அப்பா. அந்தக் குழந்தைக்கு மட்டும் இல்ல, வேற ஒருத்தர் வில்லு கொடுக்குற வரைக்கும் பின்னாடி பொறக்குற குழந்தைங்களுக்கும் அவர்தான். குழந்தையோட குலம், எருமையில பங்கு, எந்தக் கோயில்ல என்ன உரிமை, எல்லாம் அதுல முடிவாகிடும்.

கவனிச்சீங்களா, வெளியாள் கேட்டது உடம்பு சம்பந்தமான கேள்வி, அங்க இருந்தது குலம் சம்பந்தமான பதில். அப்பான்னா இவங்களுக்கு ரத்தம், அவங்களுக்கு ஊர் பாக்க எடுத்துக்கிட்ட பொறுப்பு. இத ரிவர்ஸ் விவரமா எழுதுனதாலதான் உலகம் முழுக்க மானிடவியல் வகுப்புல இன்னைக்கும் இந்த வில்லு பேசப்படுது. தோடர்கள் இப்பவும் இந்தச் சடங்க நடத்துறாங்க, நல்ல உடுப்பு உடுத்தி சொந்தபந்தம் எல்லாம் கூடி, சந்தோஷமான நிகழ்ச்சி அது.

ஆனா இவ்ளோ கெட்டிக்கார ரிவர்ஸ் ஒரு பெரிய விஷயத்த கோட்ட விட்டுட்டாரு, அது எனக்கு அவர் கண்டுபிடிச்சத விட முக்கியமா படுது. தோடர்கள்ல அப்பா வழியா வர்ற குலம் இருக்கு, அத அவர் தெளிவா எழுதியிருக்காரு. அம்மா வழியா வர்ற குலமும் தனியா ஒண்ணு இருக்கு, ரெண்டுல எது ஒண்ணா இருந்தாலும் கல்யாணம் பண்ணிக்கக் கூடாது. ரெண்டாவது அவருக்குத் தெரியவே இல்ல. 1935ல இருந்து 1938 வரைக்கும் இந்தியாவுல தங்கி வேலை செஞ்ச முர்ரே எமனோ, கனடாவுல பொறந்த மொழியியல்காரர், அவர் வந்து தோடா மொழிய ஒலி ஒலியா எழுதிக் கத்துக்கிட்டப்பதான் இது வெளிய வந்துச்சு, 1937ல எழுதுனாரு.

எப்படித் தவறுச்சு? ரிவர்ஸ் இருந்தது சில மாசம், பேசுனது மொழிபெயர்ப்பாளர் மூலமா. ஆனா எனக்கு அது மட்டும் காரணமா தெரியல. அவரோட வம்சாவளிப் படங்கள்ல பொண்ணுங்க பேரும் இருக்கு, யார் யாரோட மகள்னும் இருக்கு, அதாவது பதில் அவர் கையிலேயே இருந்துச்சு. எருமை, கோயில், மந்து எல்லாம் அப்பா வழியா போறதால அவர் கண்ணு அந்தக் கோட்டுலயே போயிடுச்சு, அம்மா வழிக் கோட்ட யாரும் வெளிச்சம் போட்டுக் காட்டல, சொத்து அதுல போகாததால. இதுல உங்களுக்கு ஒரு பாடம் இருக்கு, நல்ல முறைய கையில வச்சிருந்தாலும் அது எங்க வெளிச்சம் அடிக்குதோ அங்கதான் தெரியும், அதனால ஒரே சமூகத்துக்கு ரெண்டாவது ஆள், மூணாவது ஆள் போறது வீண் வேலை இல்ல. பின்னாடி ஆண்டனி வாக்கர் வந்து தோடர்களப் பத்தி 1986ல திரும்ப ஒரு முழு புத்தகம் போட்டாரு, ரிவர்ஸ் சொன்னதுல எது நிக்குது எது நிக்கலன்னு அப்பதான் நிறைய தெளிவாச்சு.

அடுத்தது, யார் வாயில இருந்து கேக்குறோம்ங்கறது. இத காலேஜ்ல ஒரு வரியில சொல்லிட்டுப் போயிடுவாங்க, ஆனா பெரிய விஷயம். கோத்தர்கள எடுத்துக்கோங்க. இரும்பு வேலை, மண்பாண்டம், கொம்பு கொட்டுன்னு இசை, எல்லாத்துலயும் கைதேர்ந்தவங்க, ஏழு கிராமம். 1930கள்ல இங்க வந்த அமெரிக்க மானிடவியல்காரர் டேவிட் மேண்டல்பாமும் எமனோவும் கோத்தர்களப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டதுல ரொம்பப் பெரிய பங்கு சுள்ளின்னு ஒரே ஒரு கோத்தர்கிட்ட இருந்து. எமனோ 1944-46ல நாலு பகுதியா போட்ட கோத்தர் கதைகள் சுள்ளி சொல்லச் சொல்ல எழுதுனது. அபாரமான ஞாபகசக்தி. அவர் யாரு? பள்ளிக்கூடம் போய் இங்கிலீஷ் கத்துக்கிட்டு வாத்தியாரானவர், கோத்தர் ஆம்பளைங்க நீள முடி வச்சிருந்த காலத்துல முடிய வெட்டுனவர், இந்தப் பழக்கத்த விடணும் அந்தப் பழக்கத்த மாத்தணும்னு சொந்த ஜனத்துகிட்டயே எதிர்ப்ப சம்பாதிச்சவர். அதாவது கோத்தர்களோட பழமையப் பத்தி உலகத்துக்குத் தெரிஞ்சதுல பெரும்பகுதி, அந்தப் பழமைய மாத்தணும்னு நின்ன ஒரு மனுஷன் சொன்னது.

அதனால அது பொய்யாகிடாது. வெளியாள்கிட்ட உக்காந்து மாசக்கணக்கா பேசுற ஆளு பெரும்பாலும் இப்படித்தான் இருப்பாரு, ஒரு கால் உள்ள ஒரு கால் வெளிய. அப்படி இருக்குறவருக்குத்தான் தன் ஊர் வழக்கத்த தள்ளி நின்னு பாக்கத் தெரியும், மத்தவங்களுக்கு அது காத்து மாதிரி, கண்டுக்க மாட்டாங்க. ஆனா கேக்குற நம்ம, இது சுள்ளி சொன்னதுன்னு எழுதணும், கோத்தர்கள் சொன்னாங்கன்னு எழுதக் கூடாது. அந்தக் கிராமத்துல ஒரு கோத்தர் பாட்டிகிட்ட அதே மாசக்கணக்குல பேசியிருந்தா வேற ஒரு புத்தகம் வந்திருக்கும்.

நம்மள அவங்க எங்க வைக்கிறாங்கங்கறதும் இதோட சேந்தது. வெளியாளுக்கு வெளிநாட்டுக்காரனா இருக்கணும்னு அவசியமே இல்ல. எம்.என்.சீனிவாஸ் மைசூர்க்காரர், 1948ல மைசூர் பக்கத்துலயே ஒரு கிராமத்துல போய்த் தங்குனாரு, கன்னடம் பேசுறவர், பிராமணர், ஆக்ஸ்ஃபோர்டுல படிச்சவர். ஊர்க்காரங்க அவர ஆராய்ச்சியாளரா பாக்கல, பிராமணரா பாத்தாங்க. குளிச்சுட்டு அப்புறம் ஷேவ் பண்றது என்ன பழக்கம்னு அவரக் கண்டிச்சாங்க. அவர் ஊரப் படிக்கப் போனாரு, ஊர் அவரப் படிச்சு ஒரு இடத்துல உக்கார வச்சிடுச்சு, அந்த இடத்துல இருந்து என்ன தெரியுமோ அதுதான் அவருக்குத் தெரிஞ்சுச்சு. இங்கயும் படகர் ஹட்டிக்குள்ள, அதாவது அவங்க ஊருக்குள்ள போய் நின்னீங்கன்னா உங்க கேள்விக்கு முன்னாடி அவங்க கேள்வி வந்திடும், எந்த ஊரு, யாரு வீட்டுக்கு வந்தீங்க, டீ குடிக்கிறீங்களான்னு. நேர்மையா, பொறுமையா பதில் சொல்லுங்க.

இன்னொரு விஷயம், இது வலிக்கிற விஷயம். ரிவர்ஸ் இங்க இருந்தப்ப அவருக்குப் புனிதமான விவரங்களச் சொல்லிக் கொடுத்தவங்கள்ல சிலருக்கு அந்தச் சமயத்துலயே கெட்டது நடந்துச்சு, ஒருத்தருக்கு மனைவி இறந்துட்டாங்க. வெளியாள்கிட்ட ரகசியம் சொன்னதால சாமி கோபம்னு குறி சொல்றவங்க சொல்லிட்டாங்க, அதுக்கப்புறம் ரிவர்ஸ்கிட்ட வாய் திறக்க ஆளுங்க தயங்குனாங்க. ரிவர்ஸே இத மறைக்காம எழுதியிருக்காரு. சாமி கோபமா இல்லையாங்கறது இங்க கேள்வி இல்ல. அந்த மனுஷன் மிச்ச காலம் பூரா தன் மனைவி சாவுக்குத் தான் பேசுனதுதான் காரணம்னு நினைச்சிருக்கலாமே, அந்தப் பாரத்த யார் சுமந்தா? புத்தகம் கேம்பிரிட்ஜ்காரருக்குப் பேர் வாங்கிக் கொடுத்துச்சு. நமக்குத் தெரியவர்ற ஒவ்வொரு தகவலுக்கும் சொன்னவர் ஏதோ ஒரு விலை கொடுக்குறாருங்கறத இந்தப் படிப்புல முதல் நாளே சொல்லித் தரணும்னு நான் நினைக்கிறேன்.

கூடவே தங்கி, அவங்க மொழி கத்துக்கிட்டு, அன்றாட வேலையில கலந்துக்கிட்டு கவனிக்கணும்ங்கற முறைக்கு பெரிய பேர் வாங்கிக் கொடுத்தவர் மாலினோவ்ஸ்கி, முதல் உலகப்போர் சமயத்துல நியூகினி பக்கத்துல ட்ரோப்ரியாண்ட் தீவுல கிராமத்துக்குள்ளயே கூடாரம் போட்டுத் தங்குனவர். அவர் செத்தப்புறம் 1967ல அவரோட சொந்த டைரி வெளிய வந்துச்சு, அதுல பாத்தா அந்த ஜனங்க மேல எரிச்சல், வெறுப்பு, கேவலமான வார்த்தை எல்லாம் இருக்கு. நிறைய பேருக்கு அதிர்ச்சி. கூட இருந்தா மட்டும் அன்பு வந்திடாது, ஆனா எரிச்சலோடயும் விடாம உக்காந்து அவர் எழுதுன விவரங்கள் நிக்குது. ரெண்டையும் சேத்துதான் படிக்கணும்.

பக்கத்துச் சமூகத்த விட்டுட்டு ஒண்ண மட்டும் தனியா பாக்காதீங்கன்னும் சொல்லிடறேன். தோடர் வீட்டுச் சாவுக்கு கோத்தர் வந்து வாசிச்சாங்க, தோடருக்குக் கத்தியும் பானையும் கோத்தர்கிட்ட இருந்து வந்துச்சு, படகர்கிட்ட இருந்து தானியம், குறும்பர்கிட்ட இருந்து காட்டுத் தேனும் கூடவே மந்திரத்துக்குப் பயமும். ஒருத்தர் சடங்குக்குள்ள இன்னொருத்தர் நிக்கிறாரு. தனித்தனி டப்பாவா எழுதுனா பாதி அர்த்தம் போயிடும்.

சரி, ரெண்டு நாள்ல வர்ற காலேஜ் பசங்க என்ன பண்றது? கொஞ்ச நாள் முன்னாடி ஒரு மந்துல நடந்தத சொல்றேன். ஒரு தம்பி பேப்பரப் பாத்து, "ஐயா, உங்க சமூகத்துல முடிவெடுக்குறது யாரு?"ன்னு கேட்டாப்ல. பெரியவர், "எல்லாரும் சேந்துதான்பா எடுப்போம்"னாரு. தம்பி எழுதிக்கிட்டாப்ல, முடிஞ்சது. கூட வந்த பொண்ணு கோயில் கூரையவே பாத்துக்கிட்டு இருந்துச்சு, மெதுவா, "தாத்தா, இந்தக் கூரைய கடைசியா வேஞ்சப்ப யாரெல்லாம் புல்லு கொண்டாந்தாங்க?"ன்னு கேட்டுச்சு. அவ்ளோதான். யார் எந்த மந்துல இருந்து வந்தாங்க, அந்தப் புல்லு இப்ப முன்ன மாதிரி கிடைக்காம எவ்ளோ தூரம் நடந்தாங்க, எந்த வீட்ல துக்கம்னு வரல, யாரு கோபத்துல வரல, அவர யாரு போய்ப் பேசிக் கூட்டிட்டு வந்தாங்க, எந்த நாள் பாத்து யார் குறிச்சாங்கன்னு பெரியவர் எழுந்து நின்னு கைய நீட்டி நீட்டிச் சொன்னாரு. முடிவெடுக்குறது யாருங்கற கேள்விக்கு முழு பதிலும் அதுல இருந்துச்சு.

அப்படிக் கேளுங்க. நடந்த ஒரு காரியத்த எடுத்து, யாரு, எப்ப, எத, யார்கிட்ட இருந்துன்னு கேளுங்க. ஏன்னு கேக்குறத கடைசிக்கு வச்சுக்கோங்க, ஏன்னு கேட்டா மனுஷன் நமக்குப் பிடிச்ச மாதிரி ஒரு காரணத்த அந்த நிமிஷமே செஞ்சு கொடுத்திடுவான். போட்டோவ முதல்ல எடுக்காதீங்க. கோயில்கிட்ட எது வரைக்கும் போகலாம்னு கேட்டுட்டு நில்லுங்க. வெளிநாடு போறவங்களும் அதேதான், ஜப்பான்காரங்க ஏன் இப்படின்னு யூடியூப்ல தேடுறத விட, பக்கத்து டேபிள்காரர்கிட்ட போன வாரம் ஆபீஸ்ல நடந்த அந்த ஃபேர்வெல்லுக்கு யார் காசு வசூல் பண்ணாங்க, யார் முதல்ல கிளம்புனாங்கன்னு கேட்டா நிறைய தெரியும்.

ஊருக்குப் போய் ப்ராஜெக்ட எழுதுனதும் பைண்ட் பண்றதுக்கு முன்னாடி, பேசுன பெரியவருக்கோ அவர் வீட்ல படிச்ச பிள்ளைக்கோ போன் போட்டு அவங்க சம்பந்தப்பட்ட பக்கங்கள தமிழ்ல வாசிச்சுக் காட்டுங்க. இத எடுத்துடுங்கன்னு சொன்னா எடுத்துடுங்க, இது அப்படி இல்லன்னு சொன்னா அவங்க சொன்னத அவங்க பேர்லயே சேத்துக்கோங்க, பேர் போட வேணாம்னா அதையும் கேளுங்க. ஒரு காப்பிய மந்துக்கு அனுப்பி வைங்க, தபால்காரர் கொண்டு போய்க் கொடுப்பாரு.